இடாப்பு இடம்பெயரும்போது

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை, தரவுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கோரும் தீய மென்பொருளொன்றின் தாக்குதலுக்கு இலக்கானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களுக்குரிய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை அரை நாளுக்குள் வழமைக்குத் திரும்பியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலப்பகுதிக்குரிய கடிதங்கள் திரும்பவில்லை. மூலத்தோடு சேர்த்து அதன் பிரதியும் பூட்டப்பட்டுவிட்டமையும், அக்காலப்பகுதிக்கு வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட தனிப்பிரதி இல்லாதிருந்தமையுமே இதற்குக் காரணங்கள்.

சம்பவத்தின் பின்னர் தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனம் வெளியிட்ட விளக்கம், தாக்குதலைக் காட்டிலும் கவனத்துக்குரியது. சேவை இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில். அதைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. நிதித் தட்டுப்பாட்டாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் அது தள்ளிப்போயிற்று என்பதே அவ்விளக்கத்தின் சாரம். அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11 உடன் நிறுத்தியிருந்தது. அதாவது, காவலாளி விடைபெற்றுச் சென்று நான்கு மாதங்கள் கழிந்த பின்னர் கள்வன் வந்தான். காவலாளி போகும் நாளோ பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது.

அது கொழும்புச் செய்தி என்ற அளவில் குடாநாட்டில் அதிகம் பேசப்படாமலே போயிற்று. ஆனால் நமது அலுவலகங்களின் அறைகளில் ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு வகை இயந்திரத்துக்கும் அந்தச் செய்தி அப்படியே பொருந்தும். மின்னஞ்சலுக்கும் அடித்தளமாக இருப்பது அந்த இயந்திரமே. அதைத் தொழில்நுட்பவியலாளர் 'டிரெக்டரி சேர்வர்' என்கின்றனர். நாம் இங்கு இடாப்பு வழங்கி என்று குறிப்பிடுவோம்.

இடாப்பு என்ற சொல் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. பாடசாலையில் வரவு இடாப்பு, கிராம அலுவலரிடம் வாக்காளர் இடாப்பு. இடாப்பில் பெயர் இருந்தால் ஆள் உண்டு. இல்லையேல் ஆள் நேரில் நின்றாலும் இல்லை. ஓர் அலுவலகத்தின் கணனிகளுக்கும் அவ்வாறானதோர் இடாப்பு உண்டு. காலையில் உத்தியோகத்தர் ஒருவர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டச்சிடும்போது, அந்தக் கணனி தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. இடாப்பு வழங்கியிடம் கேட்கிறது: இவர் யார், இவரது கடவுச்சொல் சரியா, இவர் எந்தக் கிளையைச் சேர்ந்தவர், எந்தக் கோவைகளைத் திறக்கலாம், எந்த அச்சுப்பொறியைப் பாவிக்கலாம்? பதில் வந்த பின்னரே கதவு திறக்கிறது. வழங்கி பதிலளிக்காத காலைப்பொழுதில் ஐந்நூறு கணனிகள் பழுதின்றி இருந்தும் ஐந்நூறு பேரும் வெறுமனே அமர்ந்திருக்க நேரும்.

இந்த ஏற்பாட்டின் வரலாறு நீளமானதன்று. 1988 இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பினர் எக்ஸ் 500 என்னும் தர நியமத்தை வெளியிட்டனர். உலகமனைத்துக்கும் ஒரே தொலைபேசிப் புத்தகம் என்பது போன்ற பெருங்கனவு அது; சாதாரணக் கணனிகளால் சுமக்க இயலாத பாரமாக இருந்தது. 1993 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஹவ்ஸும் அவரது சகாக்களும் அதன் இலகுவான வடிவமொன்றை ஆக்கினர். அதுவே இன்றும் வழக்கிலுள்ள எல்டாப். 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வின்டோஸ் 2000 உடன் மைக்ரோசொப்ட் வெளியிட்ட அக்டிவ் டிரெக்டரி அலுவலகங்களில் பரவலாக இடம்பிடித்தது. கட்டணமற்ற மென்பொருள்களில் ஓப்பன்எல்டாப், சம்பா ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கணனி வந்த விதம் வேறு. போர்க்காலத்தில் மின்கலங்கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த மண் இது. 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் ஏ9 வீதி திறந்தபோதுதான் பெருமளவில் கணனிகள் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. வந்தவை வந்தபடியே இயங்கின. 2009 இன் பின்னரே அலுவலகங்கள் வலையமைப்புகளாக இணையும் சூழல் பரவலாக வாய்த்தது. ஆகவே நமது இயந்திரங்களுக்கும் நமக்கும் இடையிலான உறவு பொருளாதாரத் தடைக்காலத்தில் உருவானது. சில துளி பெற்றோலால் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிளும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலியும் நம் நினைவிலிருந்து அகலவில்லை. பழுதாகும்வரை பாவிப்பது, பழுதானாலும் திருத்திப் பாவிப்பது, எறியாதிருப்பது. அந்தப் பண்பு நம்மை வாழவைத்தது. அதனை நாம் ஒருபோதும் குறைத்து மதிப்பிடமாட்டோம்.

எனினும் இடாப்பு வழங்கியைப் பொறுத்தவரை அதே பண்பு ஆபத்தானது. மோட்டார் சைக்கிள் தேய்ந்தால் சத்தம் கேட்கும், புகை வரும். மென்பொருள் தேய்வதில்லை. ஆதரவு முடிந்த நாளிலும் அது முந்திய நாளைப் போன்றே சுகதேகியாகத் தோன்றும். அன்று முதல் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா என்பதே வேறுபாடு. அந்த ஓட்டைகளைப் பற்றிய விபரம் உலகெங்கும் பகிரங்கமாகக் கிடைக்கும். வின்டோஸ் சேர்வரின் 2003 ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 2015 ஜூலை 14 இலும், 2008 பதிப்புக்கு 2020 ஜனவரி 14 இலும், 2012 பதிப்புக்கு 2023 ஒக்டோபர் 10 இலும் பொது ஆதரவு முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 என்றும், 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி 9 என்றும் நாள் குறிக்கப்பட்டுள்ளது. சாவோலை முற்கூட்டியே வந்துசேரும் விசித்திரமான உலகம் இது. 'இயங்குகிறதே, ஏன் தொடவேண்டும்?' என்று கேட்கும் அலுவலகத் தலைவருக்கு இந்தத் திகதிகளைத் தவிர வேறு பதில் தேவையில்லை.

புதிய வழங்கிக்கு மாறுவதை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் குறிக்கின்றனரோ, அதற்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் இடப்பெயர்வு. அந்தச் சொல்லின் பாரத்தை வடக்கில் விளக்கவேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். இரு இடப்பெயர்வுகளுக்கும் காரணம் வேறு, காயமும் வேறு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு எடைபோடுவது நம் நோக்கமன்று. ஆனால் இரண்டிலும், பின்னர் வந்த நீண்ட ஆண்டுகளில் மக்கள் அலைந்தது கடதாசிகளுக்காக என்பதை இரு சமூகத்தாரும் அறிவர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாடசாலை விடுகைப் பத்திரம். வீடு இழந்ததை நிரூபிக்கவும் வீட்டின் உறுதி தேவைப்பட்டது.

திட்டமில்லாத இடப்பெயர்வு எப்படியிருக்கும் என்பதை அறிந்த சமூகங்கள், திட்டமிட்டுச் செய்யக்கூடிய ஒன்றைத் திட்டமின்றிச் செய்யலாமா?

வேலை எங்கே தொடங்குகிறது என்பதில் பலருக்கும் மயக்கம் உண்டு. புதிய இயந்திரத்துக்குக் கேள்விப்பத்திரம் கோருவதே முதற்படி என்று கருதுகின்றனர். உண்மையில் அது நடுப்பகுதியில் வரவேண்டியது. முதலில், பழைய இடாப்பில் யார் யார், எவையெவை சாய்ந்து நிற்கின்றன என்பதை எழுதவேண்டும். உத்தியோகத்தர்களின் கணனிகள் வெளிப்படையானவை. விரலடையாளம் வைக்கும் வரவுப் பொறி, வருடிய ஆவணத்தை நேரே மின்னஞ்சலில் அனுப்பும் நகல் இயந்திரம், கம்பியில்லா இணைப்பு, நூலகத்தின் இரவல் மென்பொருள், எப்போதோ ஒருவர் எழுதிவைத்துவிட்டு மாற்றலாகிச் சென்ற சம்பளக் கணிப்பு நிரல் ஆகியவை மறைவானவை. இவற்றுட் பலவற்றில் பழைய வழங்கியின் பெயரோ முகவரி இலக்கமோ நேரடியாகவே எழுதப்பட்டிருக்கும். வழங்கி மாறிய மறுநாள் அவை மௌனமாகிவிடும். அதிலும் சம்பளக் கணிப்பு மாத இறுதியில்தான் தேடப்படும் என்பதால், கோளாறு மூன்று வாரங்கள் தெரியாமலே இருக்கக்கூடும். பழைய அஞ்சல் மென்பொருள் சில, புதிய பதிப்பு இடாப்போடு சேர்ந்தியங்க மறுப்பதும் உண்டு. அப்போது அஞ்சலை முதலில் மாற்றாமல் இடாப்பை மாற்ற வழியில்லை. இத்தகைய சங்கிலிகளைக் காகிதத்தில் வரைந்து பார்க்காமல் இயந்திரத்துக்கு விலை கேட்பது, வீட்டாரின் எண்ணிக்கை தெரியாமல் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதை ஒக்கும்.

அடுத்தது பெயர்கள். தொழில்நுட்ப நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடும் பகுதி இது. நமக்கோ இதுவே பெரும்பகுதி.

எல்டாப் நியமத்தின்படி 'ஆள்' என்னும் பதிவுக்கு முழுப்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயமானவை. குடும்பப்பெயர் வெறுமையாக இருந்தால் பதிவை ஏற்கக்கூடாது என்பது விதி. மேற்கு நாட்டார் தங்கள் வழக்கத்தை வைத்து வகுத்த விதி அது. நமது வழக்கமோ வேறு. கந்தையாவின் மகன் சிவகுமார் என்றால் கந்தையா குடும்பப்பெயரன்று, தகப்பனின் பெயர். சிவகுமாரின் மகனுக்குக் கந்தையா என்ற பெயர் தொடர்வதில்லை. முஸ்லிம்களின் பெயர்களில் மூன்று, நான்கு முதலெழுத்துகள் முன்னால் நிற்பதும், இறுதியில் வருவது அவரது சொந்தப் பெயராகவே இருப்பதும் சாதாரணம். பதிவு செய்பவர் பெட்டியை எதையாவது கொண்டு நிரப்புகிறார். ஒரே அலுவலகத்தில் ஒருவரது தகப்பன் பெயரும் இன்னொருவரது சொந்தப் பெயரும் மற்றொருவரது முதலெழுத்தும் 'குடும்பப்பெயர்' என்ற ஒரே பெட்டியில் அமர்ந்துவிடுகின்றன. பின்னர் அந்தப் பெட்டியை அடிப்படையாக வைத்து மின்னஞ்சல் முகவரி உருவாக்கப்படும்போது, ஒருவர் தம் வாழ்நாளில் பாவித்திராத பெயரொன்றால் அழைக்கப்படுகிறார்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். முகம்மது, முஹம்மத், மொஹமட் என ஒரே பெயர் தமிழிலேயே பலவாறு எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் அதைவிடப் பலவாறு. ஸ்ரீ, சிறி, சிறீ ஆகியவற்றின் நிலையும் அஃதே. அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் நியமனக் கடிதத்தில் இன்னொருவிதமாகவும் இடாப்பில் மூன்றாவது விதமாகவும் இருக்கும் பெயர், ஓய்வூதியக் கோவை திறக்கப்படும் நாளில் சத்தியக் கடதாசியாக மாறுகிறது. சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குமாகப் பெயர்ந்து வந்த பெயர்கள் படும் பாட்டை நம் வாசகர்கள் நன்கு அறிவர்.

பாமினி எழுத்துருவும் இவ்விடத்தில் தலைகாட்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் நமது அலுவலகங்கள் பலவற்றில் ஆட்சி செய்தது பாமினி. அதில் தமிழாகத் தோன்றுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மீது போர்த்திய தமிழ்ப் போர்வை. போர்வையை நீக்கினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே எஞ்சும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி பாமினியில் அரைப்புள்ளி விசையில் இருப்பதே அதற்குக் காரணம். பழைய பட்டியல்களிலிருந்து பெயர்களை இடாப்புக்கு ஏற்றும்போது அந்த அரைப்புள்ளிகள் வினையாகின்றன. எல்டாப் பெயர்த்தொடரில் அரைப்புள்ளிக்குத் தனிப்பொருள் உண்டு. பட்டியல் கோப்புகள் சிலவற்றில் அது நிரல்களைப் பிரிக்கும் குறி. ஆகவே நான்கு மெய்யெழுத்துகள் கொண்ட ஒரு பெயர் ஐந்து துண்டாகச் சிதறிக்கூடப் போகலாம். தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கை நியமம் 2008 இலேயே வந்துவிட்டது. பெயர்களை ஒருங்குறிக்கு மாற்றி, உரியவரிடமே காட்டி, கையொப்பம் பெற்ற பின்னர் ஏற்றுவதே முறை. சில நூறு பேர் பணிபுரியும் அலுவலகமொன்றில் இதற்கு ஓரிரு வாரங்கள் செல்லலாம். அந்த நேரம் வீணன்று.

இடாப்பில் இல்லாதவர்களின் பெயர்களும் இருக்கும். ஓய்வுபெற்றவர், வெளிநாடு சென்றவர், காலமானவர், பயிற்சிக்கு வந்து ஆறு மாதத்தில் போனவர். ஆளில்லாத கணக்குகளே ஊடுருவுவோருக்கு விருப்பமான வாசல்கள். அவற்றைக் களையவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்படி? ஊரில் இல்லாதவரின் பெயரை ஊர் இடாப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்ற எளிய கணக்கு என்ன செய்யும் என்பதை வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் அனுபவித்தார்கள். இடம்பெயர்ந்தோர் தம் சொந்த இடத்து வாக்காளர் இடாப்பில் பதிவுபெற வழிசெய்வதற்கென 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் தேவைப்பட்டது. இல்லாதிருப்பது வேறு, இல்லாமற்போவது வேறு. கல்வி விடுப்பில் சென்றவரும் பிரசவ விடுப்பில் உள்ளவரும் ஆறு மாதமாகக் கணனியைத் தொடாதவர்களே.

இதிலே ஒரு நுட்பமும் அடங்கியுள்ளது. அக்டிவ் டிரெக்டரி ஒருவரை அறிவது பெயரால் அன்று. பதிவு உருவாகும்போது தானே வழங்கும் ஓர் இலக்கத்தால். கோவைகளின் உரிமைகள் யாவும் அந்த இலக்கத்தின் பேரிலேயே எழுதப்படுகின்றன. ஒருவரை நீக்கிவிட்டு அதே பெயரில் மீண்டும் பதிந்தால், இடாப்பைப் பொறுத்தவரை அவர் புதியவர். இருபது ஆண்டு அவர் எழுதிய கோவைகள் அவருக்கு மூடப்பட்டிருக்கும். எனவே முதலில் கணக்கை முடக்கிவைப்பதும், தாபனக் கிளையின் எழுத்துமூல உறுதியின் பின்னரே நீக்குவதும் அவசியமாகின்றன. இது கணனிப் பிரிவு தனித்துச் செய்யக்கூடிய வேலையன்று. யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைச் சொல்லும் அதிகாரம் தாபனக் கிளைக்கே உண்டு.

இவ்வளவும் முடிந்த பின்னர் வரும் தொழில்நுட்பப் பணி, ஒப்பீட்டளவில் ஒழுங்கானது. ஒரே குடும்ப மென்பொருளின் புதிய பதிப்புக்குச் செல்வதாயின் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குவதில்லை. புதிய வழங்கி பழையதன் பக்கத்தில் இரண்டாவது வழங்கியாகச் சேர்க்கப்படுகிறது. இடாப்பு முழுவதும் அதற்குப் பிரதியாகிறது. இரண்டும் சில வாரங்கள் இணைந்து இயங்குகின்றன. அக்டிவ் டிரெக்டரியில் ஒரே வழங்கி மட்டுமே வகிக்கக்கூடிய ஐந்து தனிப்பொறுப்புகள் உண்டு; அவை ஒவ்வொன்றாகப் புதியதிடம் கையளிக்கப்படுகின்றன. இறுதியில் பழையது முறைப்படி பதவி நீக்கப்படுகிறது. மின்னிணைப்பைப் பிடுங்கி ஒதுக்கிவிடுவது பதவி நீக்கமாகாது. அவ்வாறு செய்தால் இறந்த வழங்கியின் பெயர் இடாப்பில் ஆவியாக நின்று, ஏனைய கணனிகள் அதைத் தேடித் தேடிக் காத்திருக்கும். காலையில் உட்புக ஐந்து நிமிடம் ஆகிறது என்ற முறைப்பாடுகள் சிலவற்றின் மூலம் இதுவே. வேறொரு குடும்ப மென்பொருளுக்கு மாறுவதாயின் நிலைமை கடினம். கடவுச்சொற்கள் வாசிக்கமுடியாத வடிவிலேயே சேமிக்கப்படுவதால், பெரும்பாலும் அனைவரும் புதிய கடவுச்சொல் பெறவேண்டியிருக்கும். அந்த ஒரு காலைப்பொழுதுக்கென்றே ஆட்களைத் தயார்ப்படுத்த வேண்டும்.

கடிகாரத்தையும் மறக்கலாகாது. வழங்கிக்கும் கணனிக்கும் இடையே நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், அடையாளம் சரிபார்க்கும் முறை உட்புக இடமளிக்காது என்பது வழமையான அமைப்பு. அடிக்கடி மின்வெட்டுக்கு உள்ளாகும், உள்ளிருக்கும் சிறு மின்கலம் செத்துப்போன பழைய கணனிகளின் கடிகாரம் எங்கேனும் நிற்கும். ஆள்களப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சேவையும் அவ்வாறே. அது பிழைத்தால் இடாப்பு எவ்வளவு சரியாக இருந்தும் எவராலும் அதனைக் கண்டடைய முடியாது. 2021 பெப்ரவரியில் நமது நாட்டின் ஆள்களப் பெயர்ப் பதிவேடு தாக்கப்பட்டு, கூகுளின் இலங்கைப் பக்கத்தைத் தேடியவர்கள் வேறொரு பக்கத்தில் போய் நின்றதை இங்கு நினைவுகூரலாம். வழங்கியை மாற்றும் சந்தர்ப்பத்திலேயே அலுவலகத்தின் ஆள்களப் பெயரையும் அழகாக மாற்றிவிடுவோம் என்று ஆசைப்படுவோர் உளர். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தால், எது பிழைத்தது என்பதைக் கண்டறிய நான்கு மடங்கு நேரம் செல்லும்.

பிரதிகளைப் பற்றி நம் மண்ணுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1981 ஜூன் 1 அதிகாலையில் எரிந்து முடிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றை வேறிடங்களில் தேடிப்பெற முடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் போனவை போனவையே. எனினும் கணனி யுகத்தில் பிரதி என்ற சொல்லுக்குள் ஒரு வஞ்சகம் ஒளிந்திருக்கிறது. இரண்டு வழங்கிகள் ஒன்றையொன்று ஒத்திசைத்துக்கொண்டிருந்தால் பிரதி உண்டு என்று நாம் நிம்மதியடைகிறோம். ஆனால் ஒன்றில் நடக்கும் அழிவும் உடனே மற்றையதற்குப் பிரதியாகும்.

2017 ஜூன் 27 இல் உலகின் மிகப்பெரிய கப்பற் கொம்பனிகளுள் ஒன்றான மெர்ஸ்க் இதனை அனுபவித்தது. நொட்பெட்யா என்னும் தீய மென்பொருள் பரவியபோது அந்நிறுவனத்தின் சுமார் 150 இடாப்பு வழங்கிகளும் ஒருங்கே அழிந்தன. ஒவ்வொன்றும் மற்றவற்றுக்குப் பிரதி என்று நம்பியிருந்தமையால் இடாப்புக்கெனத் தனிப்பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை. தேடியபோது ஆபிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் ஒரேயொரு வழங்கி தப்பியிருந்தது தெரியவந்தது. தப்பியமைக்குக் காரணம் மின்வெட்டு! தாக்குதல் நிகழ்ந்த வேளை அந்த இயந்திரம் மின்சாரமின்றி அணைந்து கிடந்தது. அங்கிருந்து இணைய வழியே அனுப்பப் பல நாட்கள் செல்லும் என்பதாலும், கானா ஊழியருக்குப் பிரித்தானிய விசா இல்லாதிருந்தமையாலும், ஒருவர் வன்தட்டை நைஜீரியாவுக்குக் கொண்டுசென்று இன்னொருவரிடம் கொடுக்க, அவர் இலண்டனுக்கு விமானமேறினார். மின்வெட்டைச் சபித்தே வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி சற்றே சிரிப்பை வரவழைக்கும். சிரித்துவிட்டு, நமது வழங்கியின் பிரதி எங்கே, அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பது பயனுடைத்து. யாழ்ப்பாணத்தில் உள்ளதன் பிரதி வவுனியாவிலோ கொழும்பிலோ இருப்பதில் தவறில்லை. ஆனால் மிகப் பழைய பிரதியும் உதவாது: அக்டிவ் டிரெக்டரியில் வழமையாக 180 நாட்களைக் கடந்த பிரதியைக் கொண்டு இடாப்பை மீட்க முடியாது. மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதியென்று கணக்கிடுவதும் கூடாது. ஆண்டுக்கொரு முறையேனும், தனித்துவைத்த கணனியொன்றில் இடாப்பை மீளக் கட்டிப் பார்க்கவேண்டும். கட்டுபவர் வழமையான பொறுப்பாளராக இல்லாதிருப்பது சிறப்பு. அவர் எழுதிவைத்த குறிப்பு இன்னொருவருக்கு விளங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் மேகக் கணிமைக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்ற வாதம் வலுவானது. புதுப்பிக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்கின்றனர். பதிப்பு முடியும் நாள் என்ற கவலையும் குறைகிறது. ஆனால் சந்தாக் கட்டணம் டொலரில் நிர்ணயிக்கப்படுகிறது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது டொலரில் பணம் செலுத்தவேண்டியிருந்த நிறுவனங்கள் பட்ட அவதி பழங்கதையன்று. கொழும்பு வழியாகச் செல்லும் இணைப்பு அறுந்தால் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பக்கத்து அறை அச்சுப்பொறியையும் இழக்கலாமா என்பதையும் ஒப்பமிடுமுன் கேட்கவேண்டும். உரிமக் கட்டணம் தாங்காத சிறிய நிறுவனங்களுக்கு 2012 டிசெம்பரில் வெளிவந்த சம்பாவின் நான்காம் பதிப்பிலிருந்து அக்டிவ் டிரெக்டரிக்கு இணையான கட்டணமற்ற வழியொன்று உண்டு. ஆனால் அதை அறிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் கனடாவுக்குப் போகாதிருக்கவும் வேண்டும்.

நாள் குறிப்பதிலும் விவேகம் தேவை. சம்பள வாரம், பரீட்சைக் காலம், கணக்காய்வுக் காலம் ஆகியன ஆகா. நீண்ட விடுமுறை வாய்ப்பானது என்று தைப்பொங்கலையோ நோன்புப் பெருநாளையோ தெரிந்தெடுத்தால், கோளாறு நேரும்போது உதவிக்கு அழைக்கப்படவேண்டியவர்கள் குடும்பத்தோடு இருப்பர். வெசாக்கின் இரு நாள் விடுமுறை குடாநாட்டுக்குப் பொருத்தமாகப் படுகிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் மாற்றத்தைத் தொடங்குவது ஜும்ஆவுக்குச் செல்வோருக்கும் இடைஞ்சல், வார இறுதிக்கு முன் பிழை திருத்த அவகாசமும் இல்லை. எந்த நாளாயினும், இத்தனை மணிக்குள் இன்னின்னவை சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்புவோம் என்ற எல்லையை முன்கூட்டியே எழுதி, அலுவலகத் தலைவரின் ஒப்பம் பெற்றிருக்க வேண்டும். நள்ளிரவு கடந்து களைத்துப்போன இளைஞர் ஒருவரின் தலையில் அந்தத் தீர்மானத்தைச் சுமத்துவது முறையன்று.

இவற்றுக்கு ஆகும் காலத்தைக் கூட்டிப் பார்த்தால், ஒரு நடுத்தர அலுவலகத்துக்கும் ஓராண்டு வேண்டும். அதற்குமுன் பாதீட்டில் ஒதுக்கீடு பெறவேண்டும். ஒதுக்கீட்டுக்கு மதிப்பீடு வேண்டும். எனவே 2016 பதிப்பில் இயங்கும் எந்த அலுவலகத்துக்கும் 2027 ஜனவரி தொலைவில் இல்லை. தன்னிடம் உள்ளது எந்தப் பதிப்பு என்பதை அறிய அலுவலகத் தலைவர் கணனி கற்கவேண்டியதில்லை. கணனிப் பிரிவிடம் அரைப் பக்க அறிக்கை கேட்டாற் போதும்: பதிப்பு எது, ஆதரவு முடியும் நாள் எது, வழங்கிகள் எத்தனை, பிரதி கடைசியாக மீட்டுப் பார்க்கப்பட்டது என்று?

இறுதியாக, பழைய இயந்திரம். மாற்றம் நல்லபடி முடிந்ததும் அது களஞ்சிய அறைக்குப் போகும்; சில ஆண்டுகளில் ஏலத்துக்கும் போகும். அதன் வன்தட்டில் அலுவலகத்தின் ஒவ்வொருவரது கடவுச்சொல்லின் சுவடும் இருக்கிறது. புதியது நிலைபெறும்வரை வன்தட்டைக் கழற்றி, திகதியிட்டு, இரும்பு அலுமாரியில் பூட்டிவைக்கலாம். பின்னர் பொருட்பதிவேட்டில் உரிய குறிப்பெழுதி, இருவர் சாட்சியாக, அதனைத் துளையிட்டு உடைத்துவிடவேண்டும். பழையதை உடைப்பதற்கு நம் கை எளிதில் எழாது என்பது தெரியும். இயந்திரத்தின் மற்றைய பாகங்களை வேண்டுமாயின் திருத்திப் பாவிக்கலாம்.